மூன்று நிமிடம்

இந்த மாதச் சுவரிதழுக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழம்மா கேட்டதும் வகுப்பே என் பக்கம் திரும்பியது. "ஓடுறவளே எழுதட்டும் மிஸ்" என்றாள் ஒருத்தி. ஓடுவதற்குக் கால் போதும். எழுத உட்கார்ந்து மூன்று நாள் ஆகிறது, இது நாலாவது தாள். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பச்சை ஸ்கெட்ச் பேனாவும் தீர்ந்துவிட்டது.

போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நான் ஏன் 1500 மீட்டர் ஓடவில்லை என்று இன்னும் சிலர் கேட்கிறீர்கள். வயிற்று வலி என்று ஒரு கதை, பயந்துவிட்டேன் என்று ஒரு கதை. இரண்டும் என் காதுக்கே வந்துவிட்டன. இரண்டும் பொய். நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். கூடவே, இதே மாதிரி ஒன்று நடந்த ஓர் அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். அவருக்கு நடந்தது துருக்கி நாட்டில்.

நம் ஊர்ப் பெயரால் நமக்கு ஒரு தொல்லை உண்டு. அவிநாசிபாளையம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் காதில் அவிநாசி மட்டும்தான் விழும். "ஓ, பெரிய கோயில் இருக்குதே, அங்கயா?" என்பார்கள். அவிநாசி இருப்பது திருப்பூருக்கு வடக்கே. நாம் தெற்கே. நடுவில் திருப்பூர் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. போட்டியன்று எங்களுக்காகப் பேசி வைத்திருந்த வேன் டிரைவர் வேலைக்குப் புதுசு. போனில் பாதியைக் கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் நேராக அவிநாசிக்குப் போய்த் தேர் நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "புள்ளைங்க யாரையும் காணோமுங்களே மேடம்" என்று மிஸ்ஸுக்குப் போன் போட்டார். நாங்கள் பன்னிரண்டு பேர் இங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். கம்பெனி பஸ்கள் எல்லாம் ரோட்டுக்கு வருகிற நேரத்தில் திருப்பூரைத் தாண்டி வருவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

மைதானத்தில் இறங்கி நான் ஓடினபோது மைக்கில் என் பெயரைக் கடைசி முறையும் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். அந்தக் கோட்டுக்கும் எனக்கும் இருபது அடி இருக்கும். மேசையில் இருந்த சார் என்னை நிமிர்ந்து பார்த்து, "பேரு அடிச்சாச்சும்மா. இனி சேக்க முடியாது" என்றார். மிஸ் பேசிப் பார்த்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள்.

அது 200 மீட்டர் மைதானம். 1500 மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று. (வீட்டில் இதைச் சொன்னாலே அப்பா, "உனக்கு ஏழரையா?" என்று சிரிப்பார்.) அந்த ஏழரையையும் கயிற்றுக்கு வெளியே நின்று எண்ணினேன். முதலாவதாக வந்த பிள்ளை எடுத்துக்கொண்ட நேரத்தை மைக்கில் சொன்னார்கள். பயிற்சியில் என் நேரம் என்ன என்பது எனக்கும் மிஸ்ஸுக்கும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஓடாதவள் நேரத்தைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தோற்றிருந்தால் அழுதிருப்பேன், வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்பேன், தூங்கியிருப்பேன். இது தோல்விகூட இல்லை. இதற்கு என்ன பேர் வைப்பது என்றே தெரியவில்லை. மேசை சார் மேலும் கோபப்பட முடியாது. அவர் செய்தது விதிப்படி சரி.

திங்கட்கிழமை பி.டி. மிஸ் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய செய்தித்தாள் துண்டைக் கையில் கொடுத்து, "இதப் படி. படிச்சுட்டு நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வா" என்றார். அந்தத் துண்டில்தான் முதன்முதலில் பவானி தேவி அக்காவைப் பற்றிப் படித்தேன். அதற்குப் பிறகு லைப்ரரியிலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடித்தேடிப் படித்தேன். கம்ப்யூட்டர் சார் இரண்டு நாள் மதிய நேரத்தில் சாவி கொடுத்தார், அவருக்கு நன்றி.

சி.ஏ. பவானி தேவி 1993-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா அர்ச்சகர். அம்மா ரமணி வீட்டைக் கவனித்துக்கொண்டவர். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைசி. முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 2004-ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் வகுப்புக்கு ஆறு பேர் என்று பெயர் எடுத்திருக்கிறார்கள். இவர் முறை வரும்போது மற்றது எல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு. ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது இல்லை, மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நானும் கோகோ அணியில் இடம் இல்லாமல்தான் ஓட வந்தேன்.

சேரும்போது அப்பாவின் ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இது செலவு பிடிக்கும் விளையாட்டு, வசதி இல்லாதவர்களால் முடியாது என்று சொன்னதால், பவானி அக்கா வருமானத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டார். இதை அவரே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். 'வறுமை ஒரு தடையல்ல' என்று பேச்சுப் போட்டியில் நானே மேசையைத் தட்டிப் பேசி இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். தலைமையாசிரியர் அய்யா டிபன் பாக்ஸ் கொடுத்தார். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தடை இல்லாவிட்டால் பத்து வயசுப் பிள்ளை எதற்காக வருமானத்தைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டும்? தடைதான். அதைத் தாண்டுவதற்கு வீட்டில் யாரோ எதையோ கொடுக்கிறார்கள். பேச்சுப் போட்டியில் அந்த ஆளைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் தருவதில்லை, ஐந்து நிமிடத்தில் மணி அடித்துவிடுகிறார்கள்.

வாள் விலை அதிகம். அதனால் பயிற்சிக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் வாள். சேபர் என்கிற வகை இவருடையது. வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை உண்டு. மற்ற இரண்டிலும் முனையால் குத்தினால்தான் புள்ளி, சேபரில் வெட்டினாலும் புள்ளி. இடுப்புக்கு மேலே தலை, கை, உடம்பு எங்கே பட்டாலும் கணக்கு. வாளின் எடை அரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஆடுகிற மேடை 14 மீட்டர் நீளம், அகலம் இரண்டு மீட்டருக்குள். நம் எட்டாம் வகுப்பு வராண்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முன்னே பின்னே போய் யார் முதலில் 15 தொடுகிறார்களோ அவர் ஜெயித்தவர். கண் சிமிட்டுவதற்குள் வெட்டி முடித்திருப்பார்கள். யார் வாள் பட்டது என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால் சட்டையிலேயே கரண்ட் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டையைப் பற்றி நான் வீட்டில் சொன்னதுதான் பெரிய பேச்சாகிவிட்டது. என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ராத்திரி வீட்டுக்கும் மூட்டை கொண்டுவந்து பிசிர் வெட்டுவார். நானும் கூட உட்காருவேன். வெள்ளைச் சட்டைக்கு மேலே 'லாமே' என்று இன்னொரு மேல்சட்டை போடுவார்கள், அதை மெல்லிய உலோக இழை சேர்த்து நெய்திருப்பார்கள், எதிராளியின் வாள் அதில் பட்டதும் கரண்ட் ஓடி விளக்கு எரியும் என்று சொன்னேன். அம்மா கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

"கம்பி நூலா? அப்ப மடிச்சு வெச்சா முறியுமே கண்ணு."

நிஜமாகவே அப்படித்தான். மடித்து மடித்து வைத்தால் இழை அறுந்துவிடும். வேர்வை உப்பு பட்டுப் பட்டுக் கெட்டும் போகும். கெட்ட இடத்தில் வாள் பட்டால் விளக்கு எரியாது. நான் இணையத்தில் தேடிப் படித்த விஷயத்தை, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அம்மா துணியைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

"அதனால போட்டிக்கு முன்னால சட்டை, முகமூடி, வாள், ஒயரு எல்லாத்தையும் மேசை போட்டு செக் பண்ணுவாங்கம்மா. சரியா இருந்தா சீல் குத்துவாங்க."

"அங்கயும் செக்கிங் இருக்குதா?" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாஸ் ஆகலீன்னா?"

"வேற மாத்தோணும். இல்லீன்னா ஆட முடியாது."

"பாவம், ஒரு சட்டையோட போற புள்ள என்ன பண்ணும்?" என்றார். உள்ளே போடும் வெள்ளைச் சட்டையும் சாதாரணத் துணி கிடையாது. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 800 நியூட்டன் விசை வரை குத்துத் தாங்கும் துணியாக இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் நியூட்டன் வருகிறபோது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துருக்கிக்கு வருகிறேன். 2007-இல் பவானி அக்காவுக்கு முதல் வெளிநாட்டுப் போட்டி. 14 வயது. என்னைவிடச் சின்னப் பிள்ளை. அவ்வளவு தூரம் போய், போட்டி இடத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கறுப்பு அட்டை காட்டிவிட்டார்கள். வாள்வீச்சில் மஞ்சள் அட்டை எச்சரிக்கை, சிவப்பு அட்டை காட்டினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. கறுப்பு என்றால் வெளியே போ என்று அர்த்தம். ஒரு தொடுதல்கூட இல்லாமல் முதல் வெளிநாட்டுப் போட்டி முடிந்துவிட்டது.

நான் இருபது அடி தள்ளி நின்றேன். அவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய் நின்றார்! எனக்காவது அன்று மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அம்மா மடியில் படுக்க முடிந்தது.

"போயிட்டு வந்த செலவு?" என்று அம்மா கேட்டார். அம்மா எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான். கடன் வாங்கியும் அம்மாவின் நகையை அடகு வைத்தும்தான் பல போட்டிகளுக்கு அனுப்பினார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பிசிர் வெட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா பேரு என்ன சொன்ன?" என்றார். ரமணி என்றேன். மகள் பேரை அம்மா இரண்டாம் முறை கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பவானி அக்கா கேரளாவில் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டார். அங்கே சாகர் லாகு என்பவர் பயிற்சியாளர். சென்னையிலிருந்து தலச்சேரிக்குப் போகிற மங்களூர் மெயில் நம் திருப்பூர் வழியாகத்தான் போகிறது. அதில் வாள் பையை வைத்துக்கொண்டு அவர் திருப்பூர் ஸ்டேஷனைத் தாண்டியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு நடக்கவே தெரியாது.

பிறகு நாடு நாடாகப் போட்டிகள். 2009-இல் மலேசியாவில் வெண்கலம். 2012-இல் ஜெர்ஸியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். ஜெர்ஸி என்றதும் அம்மா, "அது துணியல்ல?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிங்கிள் ஜெர்ஸி, சிங்கிள் ஜெர்ஸி என்று நம் ஊரில் தினமும் சொல்கிறோமே, அந்தப் பேரே ஒரு தீவின் பேர்தான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே அந்தக் காலத்தில் பின்னலாடை பிரசித்தம். நம் பனியன் துணிக்குப் பேர் கொடுத்த தீவுக்கு நம் தமிழ்நாட்டுப் பெண் வாளோடு போய் வந்திருக்கிறார். இங்கே இருந்து பெட்டி பெட்டியாகப் பனியன் போகிறது, பெட்டியின் மேலே ஊர்ப் பேர் இருக்கும், அம்மாவுக்கு ஐரோப்பாவில் பல ஊர்ப் பேர் அப்படித்தான் தெரியும். ஆள் போய்ப் பார்த்ததில்லை.

2014-இல் பிலிப்பைன்ஸில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் வெள்ளி. இவ்வளவு வந்த பிறகும் பணம் இல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்த காலம் உண்டு. 2015-இல் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை, ராகுல் திராவிட் பேரில் நடத்துகிற திட்டத்தில் இவரைச் சேர்த்துக்கொண்டு உதவியது. அதன்பிறகு இத்தாலியில் லிவோர்னோ என்ற கடற்கரை ஊரில் நிக்கோலா ஸனோட்டி என்கிற பயிற்சியாளரிடம் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்தார். ("இத்தாலி பார்ட்டியா? அவிய செக்கிங் ரொம்பக் கண்டிசனா இருக்கும்" என்றார் அம்மா.)

நான் படித்ததில் எனக்கு உறைத்தது இதுதான். நாம் டி.வி.யில் பார்ப்பது போட்டியை மட்டும். வருஷத்தில் பெரும்பகுதி பயிற்சிதான். பாஷை தெரியாத ஊரில், காலையில் எழுந்து, அதே இரண்டு அடி முன்னால், இரண்டு அடி பின்னால் என்று நூறு தடவை. கூட ஆடுவதற்குத் தன்னைவிட நல்ல ஆட்டக்காரர் வேண்டும். அந்த ஆள் நம் ஊரில் இல்லை என்பதால்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது. நான் தனியாக ஓடும்போது ஒரு நேரம் ஓடுகிறேன். தாராபுரத்திலிருந்து வரும் அந்த உயரமான பிள்ளை பக்கத்தில் ஓடினால் எட்டு விநாடி குறைகிறது. மிஸ் இதை ஸ்டாப் வாட்சில் காட்டியிருக்கிறார்.

2017-இல் ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக்கில் தங்கம். 2018-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம். 2019-இல் அப்பா இறந்துவிட்டார். 2020-இல் கொரோனா ஊரடங்கில் சென்னை வீட்டு மொட்டை மாடியில் ஓர் இலக்கை நிறுத்திவைத்து அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 2021 மார்ச்சில், உலகத் தரவரிசைப்படி ஆசியா - ஓசியானியாவுக்கு ஒதுக்கிய இடத்தில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 1896-இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே வாள்வீச்சு இருந்தது. அத்தனை வருஷத்தில் இந்தியாவிலிருந்து போன முதல் ஆள் இவர்.

2021 ஜூலை 26. முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என்று ஜெயித்தார். இரண்டாவது ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனே. 7-15. அவ்வளவுதான், ஒலிம்பிக் முடிந்துவிட்டது. அந்த புருனேதான் கடைசியில் வெண்கலம் வாங்கினார். தோற்ற அன்று பவானி அக்கா ட்விட்டரில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மன்னிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவை எனக்கு எவ்வளவு பிடித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். யாரிடம் மன்னிப்பு? மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர், நாடே ஒருதரம்கூட எட்டாத இடத்துக்குப் போய் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு, மன்னிப்பும் கேட்க வேண்டுமா? லைப்ரரியில் இதைச் சொன்னபோது என் தோழி, "நீ மட்டும்? போன வருஷம் மிஸ்கிட்ட பத்துத் தடவை சாரி சொன்னியே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பத்திரிகைகளில் அவரைப் பற்றி வருகிற எல்லாவற்றிலும் 'முதல் இந்தியர்', 'முதல் இந்தியப் பெண்' என்றே இருக்கிறது. எனக்கு அதைவிட 2023 ஜூனில் சீனாவின் ஊக்ஸி நகரில் நடந்தது பிடிக்கும். ஆசியப் போட்டியின் கால் இறுதியில் ஜப்பானின் மிசாகி எமுராவோடு ஆட்டம். எமுரா அப்போது உலகச் சாம்பியன். 15-10 என்று பவானி அக்கா ஜெயித்தார். அரை இறுதியில் உஸ்பெகிஸ்தான் வீராங்கனையிடம் 14-15. ஒரே ஒரு தொடுதல். வெண்கலத்தோடு வந்தார். அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முடியவில்லை. 2004-இல் மிச்சம் இருந்த விளையாட்டை எடுத்துக்கொண்ட பிள்ளை, இருபது வருஷம் கழித்தும் ஒரு தொடுதலில் தோற்றுக்கொண்டும் ஜெயித்துக்கொண்டும் இருந்தார்.

இனி என் கதை. இந்த வருஷம் குறுவட்டத்தில் ஓடினேன். இரண்டாம் இடம். முதலிடம் அந்த உயரமான பிள்ளைதான், எனக்கு வருத்தம் இல்லை. வருகிற சனிக்கிழமை வருவாய் மாவட்டப் போட்டி. அதில் முதலாவதாக வந்தால் மாநிலப் போட்டி, மூன்று நாள் வெளியூரில் தங்க வேண்டும்.

அப்பா தறி ஓட்டுகிறார். குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரிடம் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவது சுலபம் இல்லை. தறிச் சத்தத்தில் அவருக்குக் காதும் சரியாகக் கேட்காது, கத்திப் பேச வேண்டும். கத்திக் கேட்கக்கூடிய விஷயமா இது? "இந்த ஒரு வருசந்தான். அடுத்த வருசம் பிளஸ் டூ. கிரவுண்டு பக்கமே போகப்படாது" என்று சொல்லிவிட்டார். அது நியாயம் இல்லை என்று நான் எழுத மாட்டேன். அத்தை மகள் கபடி ஆடி மாநில அளவில் சான்றிதழ் வைத்திருக்கிறாள். இப்போது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்.

போன வாரம் அம்மா தீபாவளிச் சீட்டில் இருந்து ஆயிரத்து இருநூறு ரூபாய் எடுத்து எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார். அப்பாவிடம் சொல்லவில்லை. கடையில் அம்மா அந்த ஷூவை வாங்கின விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே கையை விட்டு, தையலை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு ஜோடியை "இது செகண்ட்ஸ்" என்று தள்ளி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். கடைக்காரர், "கம்பெனில வேலைங்களா?" என்றார்.

சனிக்கிழமை அம்மா லீவு போடுகிறார். சம்பள நாள் அது. அன்றைக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று கம்பெனிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

"எத்தன மணிக்கு உன்ற ஓட்டம்?" என்று நேற்று ராத்திரி கேட்டார்.

"பத்து மணிக்குன்னு போட்டிருக்கு."

"அப்ப ஆறு மணி பஸ்ஸுக்குப் போயரலாம்."

"எதுக்கும்மா? வேன் வருது. மிஸ் இந்தத் தடவ ஊரத் தெளிவா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. நம்மூரு டிரைவருதான்."

"வேன்ல மத்த புள்ளைங்க வரட்டும். நீ எங்கூட பஸ்ல வா. போயி அங்க உக்காந்துக்கலாம். நான் இட்லி கட்டிக்கறேன்" என்றார். மிஸ்ஸிடமும் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். மிஸ் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இந்தத் தாளை வியாழக்கிழமை தமிழம்மாவிடம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பலகையில் ஒட்டுவார்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் ஓடியிருக்கவும் மாட்டேன், அல்லது திங்கட்கிழமைக்குப் பிறகு படித்தால் எல்லாம் முடிந்திருக்கும். முடிவு என்னவானாலும் நானே பிரேயரில் வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள். அவன் ஆறாவதுதான் படிக்கிறான், ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிடுவான்.

- பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு